உங்க பேரு வெளிய வராது

நேர்காணல் முறையின் நிறைகளையும் குறைகளையும் விவரி. பத்து மதிப்பெண்.

எங்கள் கல்லூரியில் இந்தக் கேள்வி வராத தேர்வு இல்லை. சீனியர்கள் சொன்னார்கள், நானும் நெட்டுருப் போட்டேன். நிறைகள்: ஆழமான தகவல் கிடைக்கும், எழுதப் படிக்கத் தெரியாதவரிடமும் பேசலாம், புரியாத கேள்வியைத் திருப்பிக் கேட்கலாம், முகத்தையும் உடம்பையும் கவனிக்கலாம். குறைகள்: நேரம் பிடிக்கும், கேட்பவரின் சார்பு நுழையும், பதில் சொல்பவர் பொய் சொல்லலாம். இதை ஒரு பக்கத்துக்கு நீட்டினால் போதும். எனக்கு நல்ல மதிப்பெண்தான் போட்டார்கள்.

"பதில் சொல்பவர் பொய் சொல்லலாம்." அந்த வரியை எழுதியவர் மேல் எனக்கு இன்றைக்கும் ஆத்திரம் தீரவில்லை. அது யார் சொல்லிக் கொடுத்த பொய், யாருக்குப் பயந்து சொன்ன பொய், அது யார் வயிற்றில் போய் இறங்கும் என்றெல்லாம் எழுத அவருக்கு இடம் போதவில்லை போலிருக்கிறது. எனக்கு இடம் இருக்கிறது. நான் எழுதுகிறேன்.

எங்கள் ஊர் ஆம்பூரிலிருந்து பேரணாம்பட்டு போகிற வழியில், மெயின் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிறது. விடிந்ததும் ஷூ கம்பெனி பஸ்கள் ஒன்றன்பின் ஒன்றாக வரும். பெண்கள் சாப்பாட்டுப் பையோடு ஏறிப் போவார்கள். ஊரில் பாதி வீட்டில் அடுப்பு எரிவது அந்த பஸ்களால்தான். என் அண்ணியும் அதில் ஒருத்தி. நெமிலிப் பக்கம் நாற்று நட்டுக்கொண்டிருந்தவள். அண்ணனைக் கட்டிக்கொண்டு இங்கே வந்த கொஞ்ச நாளிலேயே கம்பெனி பஸ்ஸில் ஏறிவிட்டாள். அவளைப் பேஸ்டிங்கில் போட்டார்கள். ஷூவின் மேல்பாகத்துக்கு வெட்டி வருகிற தோல் துண்டுகளின் ஓரத்தில் பிரஷ்ஷால் சொல்யூஷன் தடவி, மடித்து, சுத்தியலால் தட்டி ஒட்ட வேண்டும். நாள் முழுக்க அதே வேலை. சொல்யூஷன் வாடை எப்படி இருக்கும் என்று தெரியாதவர்கள், பஞ்சர் கடையில் டியூபுக்குப் பசை தடவும்போது குனிந்து ஒரு தரம் முகர்ந்து பாருங்கள். பிறகு அந்தக் கடையிலேயே உங்கள் வாழ்க்கையைக் கழிப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள்.

அண்ணிக்கு இரண்டு தடவை கரு தங்கிக் கலைந்தது. மூன்றாவது தடவை நாள் தள்ளிப்போனபோது வேலூரில் பார்த்த டாக்டர் அம்மா, இந்தத் தடவையாவது கெமிக்கல் வாடைப் பக்கம் போகாதே என்று சீட்டிலேயே எழுதிக் கொடுத்தார். வேலையை விட முடியாது. அண்ணன் ஓட்டுகிற ஷேர் ஆட்டோவை மட்டும் நம்பி ஒரு குடும்பம் ஓடாது. அதனால் அண்ணி கேட்டது ஒன்றே ஒன்று: பிள்ளை பிறக்கும்வரை என்னைப் பேக்கிங்குக்கு மாற்றுங்கள். பேக்கிங் என்றால் முடிந்த ஷூவைக் காகிதம் சுற்றிப் பெட்டியில் வைக்கிற இடம். அங்கே வாடை கிடையாது. சூப்பர்வைசரைக் கேட்டாள். அவர் ஹெச்.ஆர்.ஐக் கேள் என்றார். ஹெச்.ஆர்., "பேஸ்டிங்ல ஆளு கம்மிம்மா, பாக்கலாம்" என்றார். பாக்கலாம் என்றால் பார்க்க மாட்டேன் என்று அர்த்தம். இது தெரியாத ஆள் அந்தக் கம்பெனியில் இல்லை.

அந்த நேரத்தில்தான் எனக்கு வேலை கிடைத்தது. தோல் தொழிலில் பெண்களின் நிலை பற்றி ஆராய்ச்சி செய்யச் சென்னையிலிருந்து ஒரு மேடம் வந்தார். உதவிக்கு உள்ளூர்ப் பெண் வேண்டும், சமூகவியல் படித்திருந்தால் நல்லது என்று கல்லூரியில் கேட்டிருக்கிறார். என்னை அனுப்பினார்கள். வீடு வீடாகப் போய்ப் பேஸ்டிங் பெண்களைப் பேட்டி எடுக்க வேண்டும். எனக்குத் தலைகால் புரியவில்லை. இத்தனை பெண்கள் அந்த வாடையைப் பற்றிச் சொன்னால், அது அச்சில் வந்தால், ஹெச்.ஆர். எப்படிப் பாக்கலாம் என்பார்?

"அண்ணி, உன் விஷயமெல்லாம் இனிமே வெளிய வந்துடும் பாரு" என்றேன்.

"வெளிய வரட்டும். என்ன வெளிய அனுப்பாம இருந்தா சரி" என்றாள் அண்ணி, வெங்காயம் நறுக்கிக்கொண்டே.

மேடம் நல்லவர். அதைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் கோபத்தில் அநியாயமாக எழுதியவளாவேன். காட்பாடியில் ரயிலை விட்டு இறங்கி, இரண்டு பஸ் மாறி, உச்சி வெயிலில் குடைகூடப் பிடிக்காமல் நடந்து வருவார். யார் வீட்டில் தண்ணீர் கொடுத்தாலும் முகம் சுளிக்காமல் குடிப்பார். விதிமுறைகளை ஒரு எழுத்து விடாமல் கடைப்பிடிப்பார். எல்லாம் கெட்டது அந்த விதிமுறைகளால்தான்.

ஒவ்வொரு வீட்டிலும் ஒரே மாதிரி நடக்கும். மேடம் கழுத்தில் அடையாள அட்டை தொங்கும். எதிரெதிரே இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி போடச் சொல்வார். மாமியார், பிள்ளைகள், எட்டிப் பார்க்கும் அக்கம்பக்கம் எல்லாரையும் வெளியே அனுப்பச் சொல்வார். பிறகு ஒரு தாளை எடுத்து நிறுத்தி நிதானமாகப் படிப்பார். "நீங்க சொல்றது ரகசியமா இருக்கும். உங்க பேரு வெளிய வராது. பிடிக்காத கேள்விக்கு பதில் சொல்ல வேணாம். எப்ப வேணும்னாலும் நிறுத்திக்கலாம்." கையெழுத்து வாங்குவார். போனில் ரெக்கார்டரைத் தட்டி நடுவில் வைப்பார். பேசுகிறவளுக்குப் பாதுகாப்பு வேண்டும், சுதந்திரம் வேண்டும் என்பதற்காகத்தான் இத்தனையும்.

முதல் பேட்டி எங்கள் தெருக்கோடி அக்காவோடு. அண்ணியோடு ஒரே லைனில் வேலை செய்கிறவள். ஊரிலேயே அவள் வாய்க்குப் பயப்படாத ஆள் கிடையாது. தண்ணீர்க் குழாயடியில் நின்று கம்பெனியை அவள் திட்டுவதைக் கேட்டால் குழாயே நின்றுவிடும். "அந்தப் பாழாப்போன வாடைல என் புருசன் மூஞ்சே மறந்துபோச்சுடி, அது ஒண்ணுதான் லாபம்" என்று சொல்லிச் சிரிக்க வைப்பாள். அப்படிப்பட்டவள் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தாள். முந்தானையை இழுத்து மூடினாள். முதுகை நிமிர்த்தினாள். மேடம் கேட்டு முடிப்பதற்குள் ஆரம்பித்துவிட்டாள்.

"எங்களுக்கு எட்டு மணி நேர வேலை. ஓ.டி. எங்க விருப்பப்படி செய்யலாம். மாஸ்க், கையுறை குடுக்கறாங்க. எக்ஸாஸ்ட் ஃபேன் எப்பவும் ஓடும். சூப்பர்வைசர் மரியாதையா நடத்தறாங்க. கர்ப்பிணிங்கள கெமிக்கல் இல்லாத இடத்துக்கு மாத்திடுவாங்க."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பொய் சொல்கிறாளே என்று அல்ல. அந்த வாக்கியங்கள் எனக்குத் தெரியும். எங்கள் வீட்டுச் சமையல்கட்டில் கேட்டவை அவை.

வெளிநாட்டிலிருந்து ஷூ வாங்குகிற பையர்கள், கம்பெனி ஒழுங்காக நடக்கிறதா என்று பார்க்க ஆள் அனுப்புவார்கள். அதற்கு ஆடிட் என்று பேர். ஆடிட்காரர்கள் சில பெண்களைத் தனியாக ஒரு அறைக்குள் கூப்பிட்டுக் கேள்வி கேட்பார்கள். அதற்கு முன்னால் ஹெச்.ஆர். பெண்களை உட்கார வைத்துப் பதில்களைச் சொல்லிக் கொடுப்பார். தப்பில்லாமல் சொல்கிறவளைத்தான் ஆடிட் அன்று அறைக்குள் அனுப்புவார்கள். ஆடிட் நெருங்கினால் அண்ணி தோசை வார்த்துக்கொண்டே பாடம் சொல்வாள். அண்ணன் தட்டோடு உட்கார்ந்து ஆடிட்டராகிவிடுவான்.

"எக்ஸாஸ்ட் ஃபேன் ஓடுதாம்மா?" என்பான் குரலை மாற்றி.

"ஓடுது சார், நீங்க வர்ற அன்னிக்கு."

"இன்னாது?"

"எப்பவும் ஓடுது சார். இந்தா, இன்னொரு தோசை துன்னுட்டு ஆடிட்ட முடி."

சிரித்தோம் அப்போது. நானும்தான்.

தெருக்கோடி அக்காவோடு முடியவில்லை. அடுத்த வீடு, அதற்கடுத்த வீடு, பக்கத்து ஊர், எங்கே போனாலும் அதே எட்டு மணி நேரம், அதே ஃபேன், அதே மரியாதை. வார்த்தைகூட மாறவில்லை. ஞாயிற்றுக்கிழமை, தலைக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டு, சொந்த வீட்டில் உட்கார்ந்துகொண்டு, கம்பெனி இத்தனை தூரத்தில் இருக்கும்போது சொன்னார்கள். மேடம் முகமோ மலர்ந்துகொண்டே போனது.

"பாத்தியா, புதுசா எதுவுமே வரல" என்றார் பஸ் ஸ்டாப்பில். "இதத்தான் செறிவு நிலைன்னு சொல்வோம். வெவ்வேற ஆளுங்க ஒரே விஷயத்த திரும்பத் திரும்பச் சொன்னா, தகவல் முழுசா கெடச்சாச்சுன்னு அர்த்தம். இவ்ளோ சீக்கிரம் வரும்னு நானே எதிர்பாக்கல."

"மேடம், அது ஆடிட் பதில். ஹெச்.ஆர். சொல்லிக் குடுத்தது."

"எல்லாருமா? நாம வீட்டுக்கே வந்து கேக்கறப்பவுமா?"

"ஆமா மேடம்."

அவர் என்னைப் பரிவாகப் பார்த்தார். அந்தப் பரிவுதான் எனக்குத் தாங்கவில்லை. "நீ இந்த ஊருக்காரி. உனக்குன்னு ஒரு பார்வை இருக்கும், தப்பில்ல. ஆனா அத ஒதுக்கி வெச்சுட்டுத்தான் கேக்கணும். இல்லன்னா நாம எதிர்பாக்கறதுதான் காதுல விழும்."

இது பாடத்தில் உண்டு. கேட்பவரின் சார்பு. நானே எழுதி மதிப்பெண் வாங்கியிருக்கிறேன்.

அன்று சாயந்திரம் நேராகத் தெருக்கோடி அக்கா வீட்டுக்குப் போனேன்.

"இன்னாக்கா இப்படிப் பண்ணிட்ட? குழாயடில அவ்ளோ பேசற. அந்த மேடம் நம்ம நல்லதுக்குத்தான வந்திருக்காங்க?"

"அது ஆடிட்டுடி" என்றாள்.

"ஆடிட் இல்லக்கா. நான்தான முன்னாடியே சொன்னேன், காலேஜ் ஆராய்ச்சின்னு."

"நீ சொன்ன. அந்தம்மா கழுத்துல அட்டை தொங்குது. கையில பேப்பரு. எங்க அத்தைய வெளிய போன்னுச்சு. எல்லாத்துக்கும் மேல, 'உங்க பேரு வெளிய வராது'ன்னுச்சு. அத ஆடிட்டுக்காரிதான் சொல்லுவா. சொந்தபந்தம் எவளாவது ஊட்டுக்கு வந்து, 'உன் பேரு வெளிய வராது, பேசு'ன்னு சொல்லுவாளா? இப்பல்லாம் ஆடிட்டு ஊட்டுக்கே வரும்னு ஹெச்.ஆர். வேற சொல்லி வெச்சிருக்காரு."

"சரி, ஆடிட்டுன்னே வெச்சிக்க. உண்மைய சொன்னா இன்னா ஆவும்?"

அவள் குரலைத் தாழ்த்தவில்லை. அவளுக்கு அது வராது. "கம்பெனி பேரு கெட்டா ஆர்டர் போவும். ஆர்டர் போனா லைன் போவும். லைன் போனா நாங்க எங்கடி போறது? உங்க மேடம் ஊட்டுக்கா? அந்தம்மாவுக்கு எழுதி முடிச்சா பட்டம். எனக்கு?"

அந்தக் கோபத்தையும் வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு வந்தேன். அண்ணியாவது பேசுவாள் என்று இருந்தேன். மற்றவர்களுக்குப் போகப்போவது ஆர்டர். இவளுக்குப் போகப்போவது வயிற்றில் இருப்பது. இவள் பேசாமல் யார் பேசுவது?

அண்ணியின் பேட்டி எங்கள் வீட்டுக் கூடத்தில் நடந்தது. என்னை வெளியே போகச் சொல்ல மேடத்துக்கு மனம் வரவில்லை. உதவியாளர்தானே, ஓரமாக இரு என்றார். நாற்காலி போட்டாயிற்று. தாளைப் படித்தாயிற்று. உங்க பேரு வெளிய வராது. ரெக்கார்டர் ஓடியது.

அண்ணி முதுகை நிமிர்த்தினாள். "எங்களுக்கு எட்டு மணி நேர வேலை" என்றாள்.

நான் அவளையே முறைத்துப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. மேடத்தின் அட்டையைப் பார்த்துக்கொண்டே ஒவ்வொன்றாகச் சொன்னாள். கட்டை விரலும் சுட்டு விரலும் மட்டும் ஒன்றோடொன்று தேய்த்துக்கொண்டே இருந்தன. விரலில் காய்ந்த சொல்யூஷனை உருட்டி எடுக்கிற பழக்கம் அது. பேஸ்டிங் பெண்கள் எல்லாருக்கும் உண்டு, கையில் ஒன்றும் ஒட்டாத ஞாயிற்றுக்கிழமையிலும் விரல் சும்மா இருக்காது. மேடம் அதைக் கவனித்துக் குறித்துக்கொண்டார். பதற்றம் என்று எழுதினார். உடம்பைக் கவனிக்கலாம், அது நேர்காணலின் நிறை. கவனித்தாயிற்று.

"கர்ப்பிணிப் பெண்களுக்கு என்ன வசதி?" என்று கேட்டார் மேடம்.

"கெமிக்கல் இல்லாத இடத்துக்கு மாத்திடுவாங்க" என்றாள் மூன்று மாதக் கர்ப்பிணியான என் அண்ணி. வயிறு இன்னும் வெளியே தெரியவில்லை. மேடத்துக்கு எப்படித் தெரியும்? நான் சொல்லவில்லை. பதில் சொல்பவரைக் கேட்பவர் தூண்டக் கூடாது. அது விதி.

கேள்விகள் முடிந்தன. மேடம் நன்றி சொல்லி ரெக்கார்டரை நிறுத்தினார். போனில் பச்சை வெளிச்சம் அணைந்தது. அண்ணியின் தோள் பொத்தென்று இறங்கியது.

"முடிஞ்சிதுங்களா மேடம்? அப்போ இப்ப பேசலாமா?"

பேசினாள். முதல் கரு கலைந்த நாளில் லைனில் உட்கார்ந்திருந்ததைச் சொன்னாள். இரண்டாவது கலைந்தபோது சூப்பர்வைசர், ஏன் லீவு என்று கேட்டதற்குக் காய்ச்சல் என்று சொன்னதைச் சொன்னாள். டாக்டர் சீட்டை எடுத்துக் காட்டினாள். ஃபேன் இருக்கிறது, ஆனால் தோல் துண்டுகள் பறக்கின்றன என்று நிறுத்தி வைத்திருக்கிறார்கள் என்றாள். இதை எந்தப் படிவத்திலும் எழுதியிருக்க மாட்டாள். எதிரே ஒரு பெண் உட்கார்ந்து, இவ்வளவு நேரம் பொறுமையாகத் தலையாட்டிக்கொண்டிருந்ததால் சொன்னாள். நேர்காணலின் நிறை என்று ஒன்று உண்டென்றால் அதுதான், அந்தக் கொஞ்ச நேரம்தான். அதை நான் மறுக்க மாட்டேன்.

மேடம் கண் கலங்கிவிட்டார். அண்ணி கையைப் பிடித்துக்கொண்டார். "இது ரொம்ப முக்கியம். ஆனா ரெக்கார்டர் நின்னப்புறம் சொன்னத உங்க சம்மதம் இல்லாம நான் சேக்க முடியாது. திரும்பவும் போடட்டுமா?"

அண்ணி போனைப் பார்த்தாள். "வேணாம் மேடம். இத நீங்க உங்களோட வெச்சிக்குங்க."

மேடம் போனபிறகு நான் கத்தினேன். "ஏன் அண்ணி? யாருக்காக இதெல்லாம்? பேக்கிங்குக்கு மாத்திடுவாங்கன்னு உன் வாயாலயே சொல்லிட்டியே!"

"நான் இன்னா பண்ணட்டும்? அந்த வார்த்தைய கேட்டதும் வாய் தானா போய்டுச்சு. எத்தினி தடவ சொல்லியிருப்பேன்! தூக்கத்துல எழுப்பிக் கேட்டாகூட அதான் வரும். நீ ஒண்ணும் பேஜார் பண்ணாத, போய்க் காப்பி போடு."

மேடம் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். அண்ணி வைத்துக்கொள்ளச் சொன்னதை வைத்துக்கொண்டார். முதல் அறிக்கையில் அது இல்லை. ரெக்கார்டரில் இருந்தது எல்லாம் இருந்தது. பெண்களைச் சந்திக்க ஆட்சேபம் சொல்லாத கம்பெனிக்கு மரியாதைக்காக அறிக்கையின் சுருக்கம் ஒன்றை அனுப்பினார். பெரும்பாலான பெண்கள் பணிச்சூழலில் திருப்தி தெரிவித்தனர். கர்ப்பிணிகளை மாற்றுப் பணிக்கு அனுப்பும் நடைமுறை பாராட்டத்தக்கது. கடைசியில் நன்றி சொன்ன இடத்தில் என் பேர். மேடம் என்னைக் கௌரவப்படுத்தினார்.

அண்ணி டாக்டர் சீட்டோடு மறுபடியும் ஹெச்.ஆர். அறைக்குப் போனாள். அண்ணனும் கூடப் போனான். ஹெச்.ஆர். அந்தச் சுருக்கத்தை எடுத்து மேஜையில் போட்டிருக்கிறார்.

"நீங்களேதான சொல்லியிருக்கீங்க, எல்லாம் நல்லா இருக்குன்னு? உங்க நாத்தனாரும் சேந்துதான் எழுதியிருக்கு. ஊட்ல ஒண்ணு, இங்க ஒண்ணு பேசினா எப்படிம்மா?"

வீட்டுக்கு வந்து அண்ணன் நான் வைத்த தட்டைத் தள்ளிவிட்டான். சாப்பிடாமலே படுத்தான். நான் மேடத்துக்குப் போன் போட்டேன். மரியாதையை மறந்துவிட்டேன்.

"உங்க அறிக்கைய எங்க அண்ணி மூஞ்சில வீசிட்டாங்க மேடம்."

நடந்ததைக் கேட்டு அவர் உண்மையாகவே பதறினார். ஆனால் சொன்னது இதுதான்: "அவங்க சொன்னதத்தான நான் எழுத முடியும்?"

"அவங்க வாய்ல வந்தது அவங்க பேச்சு இல்ல. அது ஹெச்.ஆர். பேச்சு. நீங்க ஊரெல்லாம் அலைஞ்சு ஒரே ஆளத்தான் பேட்டி எடுத்திருக்கீங்க மேடம்."

"அதுக்கு ஆதாரம் வேணுமே?"

"எங்க ஊட்டு சமையல்கட்டுக்கு வாங்க, அண்ணி தோசை சுடறப்போ."

அவர் அதற்குக் கோபப்படவில்லை. இறுதி அறிக்கையில் சேர்ப்பதாகச் சொன்னார், சேர்த்தார். அடிக்குறிப்பில், பொடி எழுத்தில் ஒரு வரி: பதிலளித்தோர் சமூக ஏற்புக்காகச் சாதகமான பதில்களை அளித்திருக்க வாய்ப்புண்டு. சமூக ஏற்பு! நாலு பேர் மெச்சுவதற்காகச் சொன்ன பதிலாம். எங்கள் அண்ணி பட்டது, தெருக்கோடி அக்கா பயந்தது, ஊரே பாடம் ஒப்பித்தது எல்லாவற்றுக்கும் சேர்த்து அவர்கள் கண்டுபிடித்த பேர் இது. என் தேர்வுத் தாளில் நானும் அப்படித்தான் எழுதியிருந்தேன். அதற்குத்தான் மதிப்பெண் போட்டார்கள்.

அண்ணி பேஸ்டிங்குக்கே போய்வந்தாள். மூக்கில் துணி கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். நான் தினமும் சாயந்திரம் அவள் பஸ்ஸிலிருந்து இறங்கும்போது நடையைப் பார்ப்பேன். தளர்ந்திருக்கிறதா, கை வயிற்றில் இருக்கிறதா என்று. ஒரு நாள் இறங்கும்போதே சிரித்துக்கொண்டு இறங்கினாள். எனக்குப் பயமாகிவிட்டது.

பெரிய பையரிடமிருந்து ஆடிட் வருகிறதாம். சாப்பாட்டுக்குப் பிறகு கேன்டீனில் ஒத்திகை. அண்ணிதான் எப்போதும் முதல் ஆள், நிறுத்தாமல் தடுமாறாமல் சொல்கிறவள். ஹெச்.ஆர். அவளை எதிரே உட்கார வைத்து ஆடிட்டர் மாதிரி கேட்டிருக்கிறார். நடந்ததை அண்ணி எங்கள் கூடத்தில் நின்று இரண்டு குரலிலும் நடித்துக் காட்டினாள்.

"வேலை நேரம்?" இது ஹெச்.ஆர்., மூக்கால்.

"எட்டு மணி நேரம் சார்."

"ஃபேன்?"

"எப்பவும் ஓடும் சார்."

"கர்ப்பிணிங்களுக்கு இன்னா வசதி?"

"தெரியல சார்."

"இன்னாம்மா தெரியல? நீதான நல்லா சொல்லுவ? கெமிக்கல் இல்லாத இடத்துக்கு..."

"அது ஒண்ணு மட்டும் மறந்து மறந்து போவுது சார். எவ்ளோ படிச்சாலும் நிக்கல. அன்னிக்கு உள்ள போய்ட்டு மறந்துடுச்சின்னா இன்னா பண்றதுன்னுதான் எனக்கே பயமா இருக்குது."

தெருக்கோடி அக்கா உடனே, "எனக்குக்கூட அது ஒண்ணு நிக்க மாட்டேங்குது சார்" என்றாளாம். அவள் பக்கத்தில் இருந்தவளும் ஆமாம் என்றாளாம். நன்றாகச் சொல்கிறவர்களே மறந்தால் அறைக்குள் வேறு யாரை அனுப்புவார்? ஹெச்.ஆர். பேனாவை மூடித் திறந்து, மூடித் திறந்து, அடுத்த கேள்விக்குப் போய்விட்டார்.

மறுநாள் காலை அண்ணி பேக்கிங்கில் இருந்தாள். யாரும் சீட்டைக் கேட்கவில்லை. ஆடிட் அன்று அண்ணி அறைக்குள் போனாள். "உங்க பேரு வெளிய வராது" என்று ஆடிட்டர் அம்மா சொன்னதும் முதுகை நிமிர்த்திக்கொண்டு எல்லாப் பதிலையும் சொன்னாள். கர்ப்பிணிகள் பதிலை இந்தத் தடவை மறக்கவில்லை. அது ஒன்றாவது உண்மையாகிவிட்டதே.

பெண் குழந்தை பிறந்தது. நன்றாக இருக்கிறாள். பேக்கிங்கால்தான் தங்கினாளா என்று எனக்குத் தெரியாது, டாக்டரும் அப்படிச் சொல்லவில்லை. ஆனால் ஒன்று தெரியும். மேடத்தின் நாற்காலி, தாள், ரெக்கார்டர், என் படிப்பு எதுவும் செய்யாததை ஒரு பதிலைச் சொல்ல மறுத்தது செய்தது. நேர்காணலுக்குப் பலம் உண்டு. அது வாய் திறப்பதில் இல்லை, வாய் திறந்துவிடுவாளோ என்று ஒருவன் பயப்படுவதில் இருக்கிறது. இதை எந்தப் பாடப் புத்தகத்திலும் நான் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் இவ்வளவு கோபம் இருந்திருக்காது.

கோபம் இன்னும் போகவில்லை. காரணம் சொல்கிறேன்.

குழந்தைக்கு மூன்றாம் மாதம் நடக்கும்போது ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒருத்தி பார்க்க வந்தாள். பேஸ்டிங்கில் அண்ணி இருந்த இடத்தில் இப்போது உட்காருகிறவள். அண்ணி வயதுதான் இருக்கும். தோல் வெட்டுகிற கட்டிங்கில் இருந்தவளை அண்ணி போன மறுநாளே அங்கே இழுத்துப் போட்டிருக்கிறார்கள். குழந்தைக்கு சோப்பும் பவுடரும் வாங்கி வந்தாள். மடியில் வாங்கி வைத்துக்கொண்டு கொஞ்சினாள். அவள் கட்டை விரலும் சுட்டு விரலும் குழந்தையின் பாவாடை நுனியை உருட்டிக்கொண்டே இருந்தன.

கொஞ்ச நேரம் கழித்துக் கேட்டாள். "யக்கா, அந்த வாடை போகப் போகப் பழகிடுமா? எனக்குத் தலைவலி ஜாஸ்தியா இருக்குது. ராத்திரி சோறு எறங்க மாட்டேங்குது."

அண்ணி முதுகு நிமிர்ந்தது. நான் கண்ணால் பார்த்தேன். "மாஸ்க் குடுப்பாங்க. எக்ஸாஸ்ட் ஃபேன் எப்பவும்..." என்று ஆரம்பித்தாள்.

"அண்ணி!" என்றேன்.

அண்ணி நிறுத்தினாள். குழந்தையை அவள் மடியிலிருந்து வாங்கித் தோளில் போட்டுக்கொண்டாள். முதுகைத் தட்டிக்கொண்டே கொஞ்ச நேரம் நடந்தாள்.

"பழகாது" என்றாள். "எனக்குப் பழகல. இடம் மாத்தச் சொல்லிக் கேட்டியா?"

"கேட்டேன். பாக்கலாம்னாரு."

"அதான் சொல்லுவாரு. ஆடிட்டு எப்ப?"

"தீபாவளிக்கு முன்னாடின்றாங்க."

"பதிலெல்லாம் தெரியுமா உனக்கு?"

"பாதிதான் தெரியும். நமக்கு எதுக்குன்னு உட்டுட்டேன்."

"உடாத. தப்பில்லாம சொல்றவளத்தான் உள்ள அனுப்புவாங்க. உள்ள போறவளுக்குத்தான் அவரு பயப்படுவாரு." அண்ணி குழந்தையை என் கையில் திணித்தாள். ஓரத்தில் கிடந்த பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்து அவள் எதிரே போட்டு உட்கார்ந்தாள். "நிமிந்து உக்காரு. நான் ஆடிட்டு. வேலை நேரம் எவ்ளோம்மா?"

"எட்டு மணி நேரம்" என்றாள் அவள்.

"அப்படி இல்ல. 'எங்களுக்கு எட்டு மணி நேர வேலை'ன்னு முழுசா சொல்லு. முதல்ல இருந்து வா."